எந்த லைட்டோடு எந்த லைட் சிமிட்டுகிறது?

“லைட் விட்டு விட்டு எரியுதுண்ணே.” பழைய கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் இந்த ஒரு வரிக்குள் குறைந்தது நாலு தனித்தனிக் கோளாறு ஒளிந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் மங்கி, மிதித்தால் பளிச்சென்று ஆவது ஒன்று. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் படக்கென்று போய் வருவது இன்னொன்று. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒரே தாளத்தில் துடிப்பது மூன்றாவது. கொஞ்ச நேரம் நன்றாக எரிந்து, சுத்தமாக அணைந்து, யாரும் தொடாமலே திரும்ப வருவது நாலாவது. நாலுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? பல்பு மாறும், பேட்டரி மாறும், டைனமோவை இறக்கி ஏற்றுவார்கள், பர்ஸ் காலியாகும். சிமிட்டல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு டீயைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். காரை ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி, இருட்டும் நேரத்தில் லைட்டைப் போட்டு, பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். எந்தெந்த லைட் சேர்ந்து சிமிட்டுகிறது? அது எப்போது சிமிட்டுகிறது? தெரு முழுக்கக் கரண்ட் போனால் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கிறோம், நம் வீட்டில் மட்டும் போனால் நம் ஃபியூஸைப் பார்க்கிறோம் இல்லையா, காரிலும் அதே கணக்கு. சேர்ந்து சிமிட்டும் விளக்குகளுக்கு எங்கே பொதுவான வயர், பொதுவான சுவிட்ச், பொதுவான எர்த் இருக்கிறதோ, அங்கேதான் கோளாறு உட்கார்ந்திருக்கும்.

நம் ஊரில் பழைய கார் என்றால் பெரும்பாலும் மூன்று குடும்பம். உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாக வைத்து வந்த அம்பாசிடர். பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100-ன் வழியில் வந்த பிரீமியர் பத்மினி. 1961-லிருந்து நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதில் அம்பாசிடரும் ஹெரால்டும் பிரிட்டிஷ் வம்சம். அவற்றின் மின்சார அமைப்பு இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி முறை. அதே 1961-ல்தான் லூகாஸும் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ் கம்பெனியைத் தொடங்கின. சென்னை பாடியில் அதன் தொழிற்சாலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். லூகாஸ் என்றாலே அடிக்கடி கெடும் என்று இங்கிலாந்துக்காரர்கள் கேலி செய்வார்கள். என்னைக் கேட்டால் பாதிக் கேலி அநியாயம். அறுபது வருஷம் மழையிலும் உப்புக் காற்றிலும் கிடந்த ஒரு பித்தளைத் துண்டு பச்சை பிடித்ததற்கு அதைச் செய்தவனை எப்படிக் குறை சொல்வது?

லூகாஸ் முறையில் ஒரு வசதி உண்டு. வயரின் நிறமே அது எங்கே போகிறது என்று சொல்லிவிடும். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை இக்னிஷன். பச்சை, இக்னிஷன் போட்ட பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் இதில்தான் தொங்குகின்றன. சிவப்பு, பார்க்கிங் லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும். நீலம், சுவிட்சிலிருந்து டிப் சுவிட்ச் வரை. அதன்பின் நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட்டுக்கு, நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கு. கறுப்பு எர்த். இடையில் யாராவது கையில் கிடைத்த வயரைப் போட்டு ஒட்டுப் போடாத கார் என்றால், இதை வைத்தே பாதி தூரம் போய்விடலாம்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஹார்ன் கம்மலாகக் கத்துகிறது, வைப்பர் தள்ளாடுகிறது, எல்லா லைட்டும் சேர்ந்து துடிக்கிறது என்றால், பேட்டரி முனை, இன்ஜின் எர்த் பட்டை, பழுப்பு வயர், சார்ஜிங், இந்த நாலைத் தாண்டி வேறெங்கும் போக வேண்டாம். ஹார்னும் பிரேக் லைட்டும் சரியாக இருக்க, ஹெட்லைட்டும் பார்க்கிங்கும் டெயிலும் டாஷ்போர்டு விளக்கும் மட்டும் ஒன்றாகச் சிமிட்டினால் லைட் சுவிட்ச், அல்லது அதற்கு வரும் வயர். பார்க்கிங் ஆடாமல் நிற்க, ஹெட்லைட் இரண்டும் டிம்மிலும் பிரைட்டிலும் சிமிட்டினால் சுவிட்சின் இரண்டாவது படி, நீல வயர், அல்லது அது டிப் சுவிட்சில் நுழையும் முனை. டிம்மில் மட்டும் இரண்டும் சிமிட்டினால் டிப் சுவிட்சின் அந்த ஒரு காண்டாக்ட். ஒரே ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் என்றால் சந்தோஷப்படுங்கள். தேட வேண்டிய இடம் ஒரு முழம்தான்.

டிப் சுவிட்ச் பற்றி ஒரு வார்த்தை. பழைய அம்பாசிடரில் அது கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும், காலால் மிதிப்பது. மழைக்காலத்தில் செருப்போடு வரும் தண்ணீர், மண், மிதியடியில் தேங்கும் ஈரம் எல்லாம் அதன் தலையில்தான் இறங்கும். ஹெட்லைட் கரண்ட் முழுக்க அதற்குள்ளேதான் போகிறது. லைட் சிமிட்டும் நேரத்தில் இடது காலால் அதை லேசாக அழுத்திப் பாருங்கள், டிம்–பிரைட் மாறும் அளவுக்கு இல்லை, சும்மா ஒரு அழுத்தம். லைட் நின்று எரிந்தால் கேஸ் முடிந்தது.

இரண்டாவது கேள்வி ‘எப்போது’. இதற்கு முதல் வேலை இன்ஜினை அணைப்பது. இன்ஜின் ஓடாமல் லைட்டை மட்டும் போட்டு, ஒருவரை முன்னால் நிற்க வைத்து, ஃபெண்டரில் உள்ளங்கையால் தட்டுங்கள். வயர்க் கட்டை இங்கும் அங்கும் அசையுங்கள். பேட்டரி முனையைத் திருகிப் பாருங்கள். இதிலேயே சிமிட்டினால் டைனமோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, லூஸ் காண்டாக்ட்தான். இன்ஜின் ஓடினால்தான் சிமிட்டுகிறது என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று இன்ஜின் அதிர்வில் ஆடும் காண்டாக்ட், இன்னொன்று சார்ஜிங். இதைப் பிரிக்க ஒரு மீட்டர் போதும். பேட்டரியின் இரண்டு முனையிலும் வோல்ட் மீட்டரை வைத்து, லைட் சிமிட்டும்போது முள்ளைப் பாருங்கள். லைட்டோடு முள்ளும் ஆடினால் பேட்டரியும் சார்ஜிங்கும் இருக்கும் பக்கம் கோளாறு. லைட் துடிக்கும்போதும் முள் அசையாமல் நின்றால், பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே. இந்த வேலைக்கு மட்டும் பழைய முள் மீட்டர் நல்லது. மலிவான டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், நடுவில் நடந்த துடிப்பை விழுங்கிவிடும்.

ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் வெளிச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது பெரும்பாலும் கோளாறே இல்லை. இந்தக் கார்களில் முதலில் வந்தது டைனமோ. ஆல்டர்னேட்டர் மாதிரி அது ஐடிலில் சார்ஜ் கொடுக்காது. சிக்னலில் நிற்கும்போது லைட், இக்னிஷன் காயில், வைப்பர் எல்லாம் பேட்டரியிலிருந்துதான் தின்கின்றன. பேட்டரி அப்போது 12 வோல்ட் சொச்சத்தில் இருக்கும். வண்டி நகர்ந்து இன்ஜின் வேகம் எடுத்ததும் டைனமோ வேலையில் சேர்ந்து, வோல்டேஜ் 14 பக்கம் போகும். இரண்டு வோல்ட் வித்தியாசம் என்றாலும் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியக் காரணம் உண்டு. டங்ஸ்டன் இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் மாறுவதில்லை, ஏறக்குறைய அதன் மூன்றரை அடுக்கில் மாறுகிறது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். டைனமோ வைத்த காரில் நிதானமாக மங்கி நிதானமாக ஏறும் வெளிச்சத்தைப் பார்த்து பயந்து, நல்ல டைனமோவைக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாளமாகத் துடிப்பது வேறு. அதற்கு, சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் பாக்ஸின் கறுப்பு மூடியைத் திறக்க வேண்டும். லூகாஸ் ஆர்.பி.106 என்றால் உள்ளே இரண்டு காயில் நிற்கும். ஒன்று ரெகுலேட்டர், மற்றது கட்-அவுட். கட்-அவுட்டின் வேலை எளிது. டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியை விட ஏறியதும் இணைக்க வேண்டும். இறங்கியதும் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் பேட்டரியின் கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடி அதை எரித்துவிடும். அது இணைய வேண்டிய அளவு 12.7-லிருந்து 13.3 வோல்ட்டுக்குள்.

இருட்டில், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்ஜின் வேகத்தை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் கட்-அவுட்டின் இரும்பு நாக்கு ‘டக்’ என்று ஒரே தடவை இறங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். அதே நொடியில் டாஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் லைட் அணையும். ஆரோக்கியமான வண்டியில் இப்படித்தான். நாக்கு ஒட்டாமல் ‘கடகட’வென்று அடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு நீலப் பொறி பறந்து, சிவப்பு லைட்டும் ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து துடித்தால் நீங்கள் தேடியது அதுதான். ஆனால் உடனே கட்-அவுட்டைத் திருப்பாதீர்கள். அந்தத் துடிப்பின் அர்த்தம், டைனமோ இணையும் வோல்டேஜைத் தொட்டும் தொடாமலும் தடுமாறுகிறது என்பதுதான். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும், அதற்கு மேல் தொங்கினால் வழுக்கும். டைனமோவின் கார்பன் தேய்ந்திருக்கலாம். கம்யூட்டேட்டர் கறுத்து, செம்புத் தகடுகளுக்கு நடுவிலுள்ள மைக்கா மேலே எழும்பி கார்பனைத் தட்டிவிடலாம். ஐடில் வேகம் சரியாக அந்த எல்லையில் நின்றாலும் துடிக்கும். அப்போது ஐடிலைக் கொஞ்சம் மாற்றி வைத்தால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்.

பக்கத்தில் இருக்கும் ரெகுலேட்டரின் காண்டாக்ட் எப்போதும் துடித்துக்கொண்டேதான் இருக்கும், அதன் தொழிலே அது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கும், பல்பின் இழை அதற்குள் ஆறி அடங்க நேரம் இருக்காது. காண்டாக்டில் கரி ஏறினால் துடிப்பு தடுமாறி, வெளிச்சத்தில் நடுக்கமாகத் தெரியும். சுத்தம் செய்யும்போது ஒரு விஷயம். ரெகுலேட்டர் காண்டாக்ட் கெட்டியானது. மெல்லிய கார்போரண்டம் கல் அல்லது சிலிக்கன் கார்பைடு பேப்பர் தாங்கும். கட்-அவுட் காண்டாக்ட் மிருதுவானது. அதை மெல்லிய கண்ணாடித்தூள் பேப்பரால் மட்டும் ஒரு இழு. எமரி பேப்பரை அதன் பக்கமே கொண்டு போகக் கூடாது என்று லூகாஸ் கையேடே சொல்கிறது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் எமரி பேப்பர்தான், என்ன செய்ய. முடிந்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

கன்ட்ரோல் பாக்ஸிலேயே இன்னொரு குறும்பு இருக்கிறது. அதன் ஈ என்ற முனை எர்த்துக்குப் போகும். அந்த எர்த் கெட்டுப்போனால் ரெகுலேட்டருக்கு வோல்டேஜ் எவ்வளவு என்றே தெரியாது. டைனமோ தறிகெட்டு ஏறும். வேகமாகப் போகும்போது லைட் அளவுக்கு மீறி வெள்ளையாகப் பளிச்சிட்டு, பல்பு அடிக்கடி போய், பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றினால் இந்த ஒரு திருகைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டி என்றால் கதை சுருக்கம். ஐடிலில் லைட் நடுங்கினால் உள்ளே ஒரு டயோடு போயிருக்கலாம். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து பேட்டரி முனையில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகம் சரி. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, “வண்டி நிக்கலை, சார்ஜிங் ஓகே” என்று சொல்லும் சாலையோர சோதனையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். நல்ல டயோடும் அந்த நிமிஷத்தில் செத்துப்போகும்.

இனி எர்த். பழைய காரின் விளக்குக் கோளாறில் பெரும்பங்கு இங்கேதான், ஆனால் கடைசியாகப் பார்க்கப்படுவதும் இதுதான். பல்புக்குப் போகும் வயர் கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பி வரும் வழி காரின் தகரம் என்பதால் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் செம்புப் பட்டை இருக்கும். இன்ஜின் இறக்கி ஏற்றியபோது அதைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது பெயின்ட் அடித்த இடத்தில் மாட்டியிருப்பார்கள். அப்போது கரண்ட் வேறு வழி தேடும், சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் போகும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிளைத் தொட்டால் சுடுகிறதென்றால் எர்த் பட்டையைப் பாருங்கள்.

பின்பக்கம் எர்த் கெட்டால் வேடிக்கையாக இருக்கும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் தாளம் போடும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஒரே கிண்ணத்தில் இருக்கும் மூன்று விளக்குக்கும் எர்த் ஒன்றுதான். அது அறுந்தால் கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகப் புகுந்து வேறு பாதையில் வெளியேறுகிறது. புது ஃப்ளாஷர் வாங்கிப் பிரயோஜனமில்லை. ஹோல்டரின் திருகைக் கழற்றி, தகரத்தைப் பளபளவென்று சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கினால் தீரும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிப் பாடம். மிக்கெலாட்டி வடிவமைத்த அந்தக் காரின் அழகே, பானெட்டோடு முன் ஃபெண்டர்களும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழ்வதுதான். மெக்கானிக்குக் கொண்டாட்டம், வயருக்குத் திண்டாட்டம். ஒவ்வொரு தடவை பானெட்டைத் திறக்கும்போதும் ஹெட்லைட் வயர் அதே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. வருஷக்கணக்கில் மடங்கினால் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும், மேலே ரப்பர் உறை மட்டும் முழுசாகத் தெரியும். அறுந்த முனைகள் ஒன்றையொன்று உரசி, பள்ளத்தில் போகும்போது தொடும், விடும். துருப்பிடித்த கீல் வழியாக எர்த் வரும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். மடங்கும் இடத்தில் நெகிழ்வான புது வயரும், ஹெட்லைட்டிலிருந்து பாடிக்குத் தனிக் கறுப்பு வயரும் போட்டுவிடுங்கள்.

லூகாஸ் கார்களில் வயரும் வயரும் சேரும் இடமெல்லாம் புல்லட் கனெக்டர்தான். கறுப்பு ரப்பர் உறைக்குள் ஒரு பித்தளைக் குழாய், இரண்டு பக்கமும் வயரின் முனையில் உருண்டைத் தலைப் பித்தளைக் குமிழ், குழாய்க்குள் ‘டிக்’ என்று உட்காரும். ஹெட்லைட்டுக்குப் பின்னால், கிரில் ஓரத்தில் இதில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்றை இழுத்துப் பாருங்கள். ரப்பர் கட்டியாகி விரலைக் கிழிக்கும். உள்ளே பச்சைப் பொடி. குழாயின் பிளவு அகண்டு, குமிழ் பிடியில்லாமல் ஆடும். இதை உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பச் சொருகினால் ஒரு மாதம் ஓடும். அடுத்த மழையில் மறுபடி சிமிட்டும். குழாயைப் புதிதாகப் போடுங்கள், சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பெரிய விலையில்லை. வயரைக் கொஞ்சம் வெட்டி உள்ளே செம்பின் நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்று இருந்தால் புதுக் குமிழ் வைத்து ஈயம் பற்ற வைக்கலாம். ஒரு அங்குலம் வெட்டியும் கறுப்பு, இன்னொரு அங்குலம் வெட்டியும் கறுப்பு என்றால் அந்த வயரின் ஆயுள் முடிந்தது.

பத்மினிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஃபியட் வழியில் அதற்கு வேறொரு தலைவலி. இரு முனையும் கூம்பாக, மேலே ஒரு உலோக நாடா ஓடும் ஃபியூஸ்கள். அந்தக் கூம்பு முனையும் அதைப் பிடிக்கும் பித்தளை நாக்கும் ஆக்சைடு ஏறி, ஃபியூஸ் போகாமலே தொடர்பு விட்டுப்போகும். லைட் சிமிட்டும்போது ஃபியூஸை விரலால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெளிச்சம் நின்றால் எல்லா ஃபியூஸையும் எடுத்து, நாக்குகளைத் தேய்த்து, கொஞ்சம் உள்பக்கம் வளைத்து இறுக்கிப் போடுங்கள்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் சோதனைக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் மீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்து வயரின் இரண்டு முனையையும் தொடுவார்கள். ‘பீப்’ என்று கேட்டதும் “வயர் நல்லாத்தான் இருக்கு” என்று தீர்ப்பு. மீட்டர் அனுப்பும் கரண்ட் ரொம்பக் கொஞ்சம். முப்பது இழையில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் அது ‘பீப்’ என்றுதான் சொல்லும். இரண்டு 45 வாட் பல்பு ஏழரை ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் லட்சணம் தெரியும். ஆகவே லைட்டை எரியவிட்டு அளக்க வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஹெட்லைட் எரியட்டும். முதலில் பேட்டரி முனைகளில், 12.4 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பல்பின் இரண்டு காலில் அளக்கிறீர்கள், 10.9. நடுவே ஒன்றரை வோல்ட் காணவில்லை; வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அதோடு போயிற்று. யார் தின்றது? ஒரு முனையை பேட்டரியின் எர்த் துருவத்திலும் மறுமுனையை பல்பின் எர்த் காலிலும் வைத்தால் 1.1 காட்டுகிறது. இன்னொரு பக்கம், பேட்டரியின் லைவ் துருவத்திலிருந்து பல்பின் லைவ் கால் வரை 0.4. குற்றவாளி எர்த். வயர் பக்கம் அரை வோல்ட்டுக்குள், எர்த் பக்கம் 0.2-க்குள் இருந்தால் இந்த வயசு காருக்குப் பரவாயில்லை. இனி எர்த் பாதையிலேயே முனையைப் பல்பிலிருந்து பேட்டரி பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டு வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டும்போது எண் சட்டென்று விழுகிறதோ அதுதான் இடம். சிமிட்டும் லைட்டுக்கு இதே சோதனையில் வயரை அசைத்துக்கொண்டே பாருங்கள். காணாமல் போகும் அந்த வோல்ட் ஆவியாகிவிடவில்லை. அந்த இணைப்பில் சூடாக இறங்குகிறது. ஏழரை ஆம்பியரை 1.1-ஆல் பெருக்கினால் எட்டு வாட். எட்டு வாட் சூடு ஒரு பொட்டளவு பித்தளையில் உட்கார்ந்தால் ரப்பர் உருகும். பழைய லூகாஸ் வயரிங்கில் ஹெட்லைட்டுக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். விரலால் தொட்டு எது சுடுகிறது என்று பார்ப்பது மீட்டர் இல்லாதவனின் மீட்டர்.

சுத்தமாக அணைந்து தானாக வரும் நாலாவது வகைக்கு ஒரு சிறப்பு விளக்கம் உண்டு, அமெரிக்கக் கார்களில் மட்டும். ஷெவர்லே இம்பாலா போன்றவற்றில் லைட் சுவிட்சுக்குள்ளேயே ஈருலோகத் தகடு வைத்த ஒரு பிரேக்கர் இருக்கும். சூடேறினால் பிரியும், ஆறினால் சேரும். அதிக வாட் பல்பு மாட்டினாலோ, எங்காவது வயர் உரசிக் கசிந்தாலோ, லைட் போய்ப் போய் வரும். அம்பாசிடரில் இப்படி நடந்தால் அது அந்தத் தகடு இல்லை, சூட்டில் விரிந்து ஆறினால் சேரும் ஒரு காண்டாக்ட், பெரும்பாலும் லைட் சுவிட்ச்.

சுவிட்ச் ஏன் இவ்வளவு சூடாகிறது என்பதற்குப் பாதிக் காரணம் நாம்தான். 45 வாட்டுக்கு அமைத்த சுவிட்சில் 100 வாட் பல்பைப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து பதினாறு ஆம்பியருக்கு மேல் அதன் வழியே ஓடும். இதற்கு ரிலே நல்ல தீர்வு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயரில் கரண்ட் நேராகப் பல்புக்குப் போகும். பழைய சுவிட்ச் ரிலேயின் காயிலை மட்டும் தூண்டும், அதற்கு கால் ஆம்பியர் கூட வேண்டாம். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. இடது வலதுக்குத் தனித்தனி ஃபியூஸ் வைத்தால் நட்டநடு ராத்திரியில் இரண்டும் ஒருசேர இருட்டாகாது. ஆனால் எர்த்தைச் சரிசெய்யாமல் ரிலே மாட்டுவது வீண் செலவு.

எல்.இ.டி. பல்பு மாட்டியவுடன் “முன்னாடி சிமிட்டவே இல்லை, இப்பத்தான்” என்று வருகிறவர்கள் அதிகம். முன்னாடியும் சிமிட்டியிருக்கும். இழை பல்புக்குச் சூடு ஆறக் கொஞ்சம் நேரம் வேண்டும், சின்னத் துடிப்பை அது மறைத்துவிடும். எல்.இ.டி. நொடியில் அணைந்து நொடியில் எரியும், எதையும் மறைக்காது. இதே காரணத்தால்தான் டாஷ்போர்டின் சின்ன பல்பு ஹெட்லைட்டுக்கு முன்பே நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எல்.இ.டி. வாங்கும் முன் இன்னொன்றைப் பாருங்கள். பிரிட்டிஷ் வம்சத்துப் பழைய கார்கள் பல பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். கறுப்பு வயர் அதிலும் எர்த்தான், ஆனால் நெகட்டிவ் இல்லை. இதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரோ எலக்ட்ரானிக் சாமானோ மாட்டினால் மாட்டிய நிமிஷத்தில் புகை. உங்கள் காரில் முன்பு யாராவது நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கவும் கூடும். புத்தகத்தை நம்பாமல் பேட்டரியிலிருந்து வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். வேலை தொடங்கும்போது எர்த் எந்தப் பக்கமோ அந்த வயரை முதலில் கழற்றி, முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

“மொத்த வயரிங்கையும் மாத்திடலாமா?” இது எல்லோரும் கடைசியில் கேட்பது. மெக்கானிக்குகளும் ஆசையாகச் சொல்வார்கள். மடக்கினால் வயர் உறை பிஸ்கட் மாதிரி உடைகிறதா, வெட்டின இடமெல்லாம் செம்பு கறுப்பா, முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகள் எண்ணிக்கையில் அடங்காமல் டேப்பின் கோந்து வெயிலில் உருகி வழிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் மாற்றுங்கள், அரைகுறையாக வேண்டாம். இல்லையென்றால் பேட்டரி முனை, எர்த், புல்லட் கனெக்டர், இரண்டு சுவிட்ச் என்ற வரிசையிலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவி, கத்தியால் சுரண்டி, இறுக்கி, அதற்குப் பிறகு வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவது தலைகீழ்.

டைனமோவைக் கழற்றி வேலை செய்து மாட்டினால், அல்லது எர்த் துருவத்தை மாற்றினால், ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு வேலை பாக்கி. டைனமோவின் எஃப் முனையிலுள்ள வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் லைவ் பக்கத்திலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த எஃப் முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், சின்னப் பொறி வரும். உள்ளே இருக்கும் இரும்பில் காந்தத் திசை சரியாகப் பதிவதற்காக இது. செய்யாவிட்டால் டைனமோ எதிர்த் திசையில் கரண்ட் கொடுத்து, புதிதாகச் சுத்தம் செய்த கட்-அவுட் காண்டாக்டை அன்றைக்கே கருக்கிவிடும்.